பார்சலில் வரும் பிஸ்கட்டும் பூச்சி மாவும்

2025 பெப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மாப்புழுத் தூளைப் பாண், கேக், சீஸ் போன்றவற்றில் சேர்க்க அனுமதி உண்டு. காய்ந்த மாப்புழுவுக்கு 2021இலும், சுவர்க்கோழித் தூளுக்கு 2023இலும் ஏற்கனவே அனுமதி கிடைத்துவிட்டது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக ஏற்றுக்கொண்டது.

இப்படியான செய்தி வந்ததும் "வெட்டுக்கிளி ஹலால்தானே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் எமது ஊர்களிலும் இருக்கிறார்கள். வெட்டுக்கிளி ஹலால்தான். ஸஹாபாக்கள் யுத்தப் பயணங்களில் அதை உண்ட செய்தி புகாரியில் உள்ளது. ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அந்த அனுமதி மற்றைய புழு பூச்சிகளுக்குக் கிடையாது. மாலிகி மத்ஹபில் சலுகை அதிகம். கத்தார் சுகாதார அமைச்சு 2023இல், பூச்சி கலந்த உணவுகள் ஹலால் விதிமுறைக்குப் பொருந்தாதவை என அறிவித்தது. எம்மைப் போலவே ஷாபிஈகள் நிறைந்த இந்தோனேசியாவின் உலமா சபையோ 2000இல் சுவர்க்கோழியையும், 2011இல் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயத்தையும் (லேபலில் ஈ 120) அனுமதித்தது. ஆகவே, வேறு நாட்டு ஹலால் இலச்சினையைக் கண்டதும் எமது உலமாக்களின் நிலைப்பாடும் அதுவேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உள்ளூர் உற்பத்திகளுக்கு 2014 முதல் ஹலால் சான்றுறுதிப் பேரவை சான்றிதழ் வழங்குகிறது. சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளுக்கு ஐரோப்பாவிலுள்ள உறவினர் அனுப்பும் பார்சலை யார் பரிசோதிப்பது? அதில் வரும் பிஸ்கட்டை முதலில் உடைப்பது பிள்ளைகள்தான்.

நல்லவேளையாக, பூச்சி கலந்தால் அதன் லத்தீன் பெயரை லேபலில் எழுத வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். டெனெப்ரியோ மொலிட்டர் என்றிருந்தால் மாப்புழு, அக்கீட்டா டொமெஸ்டிகஸ் என்றால் சுவர்க்கோழி, லோகஸ்டா மைக்ரடோரியா என்றால் வெட்டுக்கிளி. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவையும் ஒவ்வாமை தரலாம் என்ற எச்சரிக்கையும் அங்கு கட்டாயம். கடலோரத்தில் வாழும் எமக்கு இது மார்க்கத்துக்கு அப்பாலும் முக்கியமானது.

எழுத்து பொடிதான், மொழியும் அந்நியம். இப்பெயர்களையும் ஈ 120 போன்ற குறியீடுகளையும் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக்கி, ஜும்ஆ முடிந்து வெளியே வருவோரிடம் கொடுக்க எமது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்குப் பெரிய செலவாகாது. உலமா சபைக் கிளைகள் ஒவ்வொன்றின் எதிரிலும் தீர்ப்பை எழுதிக் கொடுத்தால் போதும்.