சுங்கை பாக்காப் வட்டாரத்தின் வீடு, கடை, மனை நிலவரம் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: பினாங்கு மாநில வீடமைப்புத் துறைக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினர், செபராங் பிறை மாநகர் மன்ற மேயர், தென் செபராங் பிறை மாவட்ட அதிகாரி, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் தலைமை நிர்வாகி

அனுப்புநர்: சுங்கை பாக்காப் வட்டாரக் குடியிருப்பாளர், சிறு வணிகர் சங்கம்

பொருள்: விலையேற்றத்தால் உள்ளூர்க் குடும்பங்கள் வெளியேறாமல் காப்பது



2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது முதல் சுங்கை பாக்காப்பின் மனை விலை சுங்கை பாக்காப்பில் முடிவாவதில்லை. 24 கிலோமீட்டர் நீளமுள்ள சுல்தான் அப்துல் ஹலிம் முவாட்ஸாம் ஷா பாலம் பெருநிலத்தில் கால் ஊன்றும் இடம் பத்து காவான். அங்கே முதலில் மலிவு விற்பனைப் பேரங்காடி வந்தது. 2019 மார்ச்சில் ஐக்கியா கதவைத் திறந்தது. மருத்துவக் கருவிகள், மின்னணுச் சில்லுகள், சில்லு செய்யும் இயந்திரங்கள் எனத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நெடுஞ்சாலைக்கு மேற்கே அடிவைத்த விலை சிம்பாங் அம்பாட்டைக் கடந்து வால்டோர் வழியாக, முதலாம் கூட்டரசுச் சாலையோரம் இருக்கும் இந்தப் பழைய ஊருக்கும் வந்துவிட்டது. சம்பளம் மட்டும் அந்த வேகத்தில் வரவில்லை. வளர்ச்சியைத் தடுக்கும்படி இந்த மனு கேட்கவில்லை. வளரும் ஊரில் ஏற்கெனவே வாழ்பவர்களுக்கும் இடம் வேண்டும் என்றே கேட்கிறது.

இந்த மண் கைமாறுவது இது முதல் முறையல்ல. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் தென்பகுதி முழுக்கக் கரும்பு விளைந்தது. சுங்கை பாக்காப்பை ஒரு ஊராக உருவாக்கியவர் கீ லாய் ஹுவாட் என்ற சீனக் கரும்பு முதலாளி. கரும்பு வெட்டவும் ஆலையில் உழைக்கவும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் தமிழர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பைராம், வால்டோர், கலிடோனியா, பத்து காவான் ஆகிய பெயர்கள் இன்று பலருக்குச் சாலைப் பலகைகள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கோ அவை பாட்டன் பூட்டன் பிறந்த லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். ஒவ்வொரு மாற்றத்திலும் நிலம் உரிமையாளரோடு போனது, உழைத்தவர்கள் வீடில்லாமல் நின்றார்கள். இப்போது வந்திருப்பது மூன்றாவது மாற்றம்: செம்பனை போய்த் தாமான் எனும் வீடமைப்புக் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் வருகின்றன.

நாட்டு நிலவரத்தைச் சங்கம் கவனித்தே எழுதுகிறது. தேசியச் சொத்துத் தகவல் மையத்தின் கணக்கில் 2023இல் மலேசியா முழுவதும் 3,99,008 சொத்துகள் கைமாறின, அவற்றின் மதிப்பு 19,683 கோடி ரிங்கிட். 2024இல் அது 4,20,545 சொத்துகளாகவும் 23,230 கோடி ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. எண்ணிக்கை சுமார் 5 சதவீதம்தான் கூடியிருக்கிறது, மதிப்போ 18 சதவீதம் ஏறியிருக்கிறது. பெரிய விலைச் சொத்துகளும் உயரும் விலையும் சந்தையை நடத்துகின்றன என்பதே இதன் பொருள். அதே 2024 முடிவில், கட்டி முடித்தும் விற்காமல் தேங்கிய வீடுகள் 23,149, அவற்றின் மதிப்பு 1,394 கோடி ரிங்கிட். சராசரியாக ஒரு வீட்டுக்கு 6 லட்சம் ரிங்கிட். ஆளில்லாத வீடும் வீடில்லாத ஆளும் ஒரே நாட்டில் இருப்பதற்கான காரணத்தை அந்தச் சராசரியே சொல்கிறது.

சம்பளத் தாளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணவன், மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் வேலை செய்தால் மாத வருமானம் 3,400. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,130 ரிங்கிட், வீட்டுக் கடனுக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை லட்சம் ரிங்கிட் வீட்டுக்குப் பத்து சதவீத முன்பணம் கட்டி, மீதியை 4 சதவீத வட்டியில் 35 ஆண்டுகளுக்குக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,000 ரிங்கிட். அது கைக்கு எட்டும். 5 லட்சம் ரிங்கிட் வீட்டுக்குத் தவணை சுமார் 1,990. அது எட்டாது. முதல் வீடு வாங்குவோருக்கு 5 லட்சம் வரை முத்திரை வரி விலக்கு உண்டு. 2025 ஜூலையில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டியை 3 சதவீதத்திலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. இரண்டையும் சங்கம் வரவேற்கிறது. ஆனால் கால் சதவீதக் குறைப்பால் ஐந்து லட்சம் வீட்டின் தவணை மாதம் எழுபது ரிங்கிட் அளவுக்கே இறங்கும். சுமார் 860 ரிங்கிட் இடைவெளியை அது நிரப்பாது.

ஆகவே முதல் கோரிக்கை இது. தென் செபராங் பிறையில் இனி அனுமதி பெறும் பெரிய வீடமைப்புத் திட்டங்களில், இரண்டரை லட்சத்துக்குட்பட்ட வீடுகளை வேறெங்கோ ஒதுக்கிக் கட்டுவதற்கோ பணமாக ஈடுகட்டுவதற்கோ இடம் தராமல், அதே மனையில், அதே கட்டத்தில் கட்ட வைக்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கைக் குறிப்பிட்ட காலத்துக்கு இம்மாவட்ட வாக்காளர்களுக்கும் இங்கே வேலை செய்வோருக்கும் மட்டும் திறக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து, இன்று லாரி ஓட்டியும் ஒட்டுக்கடை போட்டும் தோட்டவேலைக் குத்தகை எடுத்தும் பிழைக்கும் பலருக்குச் சம்பளத் தாள் கிடையாது. அவர்களுக்காகவே வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனத்தின் திட்டம் இருக்கிறது. 5 லட்சம் ரிங்கிட் வரையிலான கடனுக்கு அது அரசின் உத்தரவாதத்தைத் தருகிறது. ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் படிவத்தைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். மாவட்ட அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் தமிழ், மலாய், சீன மொழிகளில் உதவி முகாம் நடத்தினால் போதும், அதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

நில விற்பனையிலும் வெளிப்படைத்தன்மை வேண்டும். பத்து காவான் தொழிற்பேட்டை இரண்டில் 559 ஏக்கரைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு 64.6 கோடி ரிங்கிட்டுக்கு விற்கும் ஒப்பந்தம் 2023இல் மாநிலமெங்கும் சர்ச்சையாகி, அதே ஆண்டு அக்டோபரில் முடிவுக்கு வந்தது. கணக்குப் போட்டால் சதுர அடி சுமார் 26 ரிங்கிட் 50 சென். அந்த விலை சரியா தவறா என்ற வாதத்துக்குள் சங்கம் புகவில்லை. பொதுநிலத்தின் பெரிய பரப்பு விற்கப்படும் முன், அதன் விலையும் நிபந்தனையும் பக்கத்து ஊர் மக்களுக்கு எழுத்தில் தெரிய வேண்டும், அதன் வருவாயில் ஒரு பகுதி அம்மாவட்டத்தின் வீடமைப்புக்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் கேட்கிறது.

இதைவிட முக்கியமானது தோட்ட நிலம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தை விற்கவோ துண்டாடவோ தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். கடந்த காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நிர்க்கதியானதால் பிறந்த பாதுகாப்பு அது. இன்று அனுமதி தரும்போது, லயத்தில் இன்னும் வசிக்கும் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு மாற்று வீடு எங்கே, எப்போது என்ற பதில் கோப்பில் இருக்க வேண்டும். பதில் இல்லாத விண்ணப்பம் திரும்பிப் போக வேண்டும். கம்போங் புவா பாலாவைப் பினாங்குத் தமிழர் மறந்துவிடவில்லை. அங்கே வழக்கு நீதிமன்றம் ஏறி, 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்ட பின்னரும் மனக்காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆயின. நிலம் கைமாறிய பிறகு குடிமக்கள் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்பட்டதே அதன் ஆணிவேர். தென் செபராங் பிறையில் அந்த வரிசை தலைகீழாக வேண்டும்: முதலில் பேச்சு, பிறகு கைமாற்றம்.

கடைத்தெருவுக்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை அடக்கி வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியில் முடிந்தது. 2000 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் உள்நகரத்துக் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் புது வாடகையைத் தாங்காமல் மூட்டை கட்டினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்தபோது கட்டடங்களுக்குப் பெருமை சேர்ந்தது, அவற்றுக்குள் இருந்த மளிகைக்காரரும் தையற்காரரும் பல இடங்களில் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். சுங்கை பாக்காப் பெரிய சாலையின் பழைய கடைவீடுகளுக்கும் அந்த நாள் வரும் என்று சங்கம் அஞ்சுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவரும்படி சங்கம் கேட்கவில்லை. அது வீட்டுக்காரர் பழுதுபார்க்கக்கூட மனமில்லாமல் கட்டடத்தைச் சிதைய விட்ட காலமும் ஆகும். பத்தாண்டுக்கு மேல் தொழில் நடத்தும் வாடகைக்காரரை எழுப்புவதற்கு முன் நியாயமான கால அவகாசம், பழைய கடைவீட்டைப் பழுதுபார்த்துப் பழைய வாடகைக்காரரையே வைத்துக்கொள்ளும் உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு: இந்த இரண்டும் போதும். இவற்றில் இரண்டாவது, மாநகர் மன்றம் முன்முயற்சி எடுத்தால் ஆகக்கூடியது.

புதிய கடைகள் கட்டுவதிலும் நிதானம் வேண்டும். தாமான் எழும்போதெல்லாம் அதன் முகப்பில் இரண்டு மாடிக் கடை வரிசை ஒன்றும் எழுகிறது, ஆள் குடிவரும் முன்பே. 2017 நவம்பரில் மத்திய அமைச்சரவை பேரங்காடிகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஆடம்பர அடுக்குமாடிகளுக்கும் புதிய அனுமதியை நிறுத்தி வைத்தது. கட்டிவிட்டு ஆளைத் தேடும் பழக்கத்துக்கு அரசே போட்ட தடை அது. சர்வீஸ் அப்பார்ட்மென்ட் எனப்படும் வீடுகள் வணிக நிலத்தில் நிற்பதால் குடியிருப்புக் கணக்கில் சேராமல் தனியே எண்ணப்படுகின்றன. வாங்குபவரோ அதை வீடு என்றே நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார். நிலத்தின் வகை, அதற்கேற்ற வரி, தண்ணீர், மின் கட்டண வீதம் ஆகியவற்றை விற்பனைப் பலகையிலேயே மூன்று மொழிகளில் எழுத வைக்கும்படி சங்கம் வேண்டுகிறது.

தண்ணீர் விஷயத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலை 6ஆம் தேதி சுங்கை பாக்காப் சட்டமன்ற இடைத்தேர்தலில் எந்தக் கட்சி மேடையும் அதைத் தவிர்க்கவில்லை. பினாங்கின் தண்ணீரில் பெரும்பங்கு வடக்கே மூடா ஆற்றிலிருந்து சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாக வருகிறது. அதே ஆண்டு ஜனவரியில் அந்த நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக மாநிலத்தின் பெரும்பகுதி நான்கு நாள் குழாய் வற்றியதைக் கண்டது. தென் செபராங் பிறை குழாயின் கடைசிமுனையில் இருக்கிறது. புதிய தாமானுக்கும் தொழிற்பேட்டைக்கும் அனுமதி தரும்போது, குடிவரும் ஆண்டில் அங்கே நீரழுத்தம் எவ்வளவு இருக்கும் என்ற எழுத்துச் சான்றை நீர் விநியோகக் கழகத்திடம் பெற்று, அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

பொதுப் போக்குவரத்தும் அப்படியே. 2025 ஜனவரியில் பணி தொடங்கிய முத்தியாரா எல்ஆர்டி தடம் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் வரை வரும். அதற்குத் தெற்கே அந்தத் தடம் வராது. பத்து காவான் தொழிற்சாலைகளின் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப ஜாவி, சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் வழியாகப் பேருந்து ஓடினால், அங்கேயே வீடு வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி தணியும். விலையைக் குறைக்க ஒரு பேருந்து செய்யக்கூடியதைப் பல மானியங்கள் செய்யாது.

வாடகை வீடுகள் பற்றி ஒன்று. தொழிற்சாலைகள் பெருகியதால் தொழிலாளர் தங்குமிடத் தேவையும் பெருகியது. 2020 ஜூன் முதல் 446ஆம் சட்டம் எல்லாத் துறைகளுக்கும் விரிந்து, தொழிலாளர் தங்குமிடத்துக்கு தொழிலாளர் துறையின் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அன்று கரும்புக் காட்டுக்கு வந்தவர்களைப் போல உழைக்க வந்தவர்கள், அவர்கள்மீது சங்கத்துக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மூன்று அறை வரிசை வீட்டை விடுதியாக்கி ஆள் கணக்கில் வாடகை வசூலிக்கும்போது அந்தத் தெருவில் குடும்ப வாடகையும் ஏறிவிடுகிறது. ஆகவே தொழிற்பேட்டைக்குள் முறையான விடுதிகள் கட்டுவதை நில ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்க வேண்டும்.

வரும் ஆண்டுகள் எப்படியிருக்கும்? மின்னணுத் தொழில் ஏறுமுகமாக இருக்கும்வரை இங்கே மனை விலை இறங்காது. ஆனால் அந்தத் தொழில் உலகச் சந்தையோடு கட்டுண்டது. 2025 ஆகஸ்டில் மலேசியப் பொருள்கள்மீது அமெரிக்கா 19 சதவீத வரி விதித்தபோது சில்லுகள் தப்பினாலும், ஒரு வெளிநாட்டு முடிவு இங்குள்ள ஓவர்டைம் பணத்தை எட்டக்கூடும் என்பது எல்லாருக்கும் உறைத்தது. ஓவர்டைமை நம்பித் தவணை கட்டும் குடும்பம்தான் முதலில் தடுமாறும். அதனால் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) வாரியாக விலை, வாடகை, தேங்கிய வீடு, காலிக் கடை ஆகியவற்றின் கணக்கை மாவட்ட அலுவலகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் வெளியிட வேண்டும். இப்போது ஊர் மக்கள் விலையை அறிவது தரகர் சொல்லித்தான்.

மேற்கண்டவற்றுள் கடன் உதவி முகாமும் முக்கிம் வாரிக் கணக்கும் உடனே தொடங்கக்கூடியவை. மற்றவற்றைப் பற்றிப் பேச, நான்கு அலுவலகங்களின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமரும் கூட்டம் ஒன்றைச் சுங்கை பாக்காப்பிலேயே மாலை நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களும் வரும்படியாகக் கூட்டுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது. லயக் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலையும் வாடகைக் கடைக்காரர்களின் விவரங்களையும் சங்கம் அன்று தொகுத்துக் கொண்டுவரும். இம்மனு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இவண்,
சங்கச் செயற்குழு,
சுங்கை பாக்காப், தென் செபராங் பிறை, பினாங்கு