எல்லாக் குரலும் ஜின் அல்ல

என் தம்பிக்கு நான்கு வயதில் ‘கப்பல் மாமா’ என்றொரு கூட்டாளி இருந்தார். எங்கள் கண்ணுக்குத் தெரியாதவர். அவருக்கும் ஒரு துண்டு ரொட்டி வைக்கச் சொல்வான். உம்மம்மாவுக்கு, மௌத்தான அப்பா சுபஹுக்கு எழுப்பும் குரல் இன்னும் கேட்கிறது. என் மச்சிக்குக் கேட்ட குரல் வேறு. அது அவரைத் தூங்கவிடவில்லை. சாப்பிடாதே என்று கட்டளையிட்டது.

மூன்றையும் பார்த்த உறவினர் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “கடற்கரையில் ஏதோ பட்டுவிட்டது.”

இம்மூன்றும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு ஏழு வயதுக்குள் கற்பனைத் தோழர் இருந்திருக்கிறார். பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இதில் அடங்கும். அது விளையாட்டு என்பது பெரும்பாலும் பிள்ளைக்கே தெரியும். வேல்ஸ் வைத்தியர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971 இல் எழுதினார். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். உம்மம்மா கேட்பது அன்பின் எதிரொலி. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் உறவுகளைப் பறிகொடுத்த நெடுந்தீவிலும், 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட எங்கள் சமூகத்திலும் இப்படி எத்தனை குரல்கள் உள்ளே வாழ்கின்றனவோ!

அப்படியானால் ஜின் இல்லையா? உண்டு. குர்ஆனின் 72 ஆவது சூராவின் பெயரே அதுதான். அது எங்கள் ஈமான். ஆனால் மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தவுடன் “இன்ன ஜின்” என்று அடித்துச் சொல்பவருக்கு அந்த அறிவை யார் கொடுத்தது?

மச்சிக்கு நூல் கட்டினார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் போய்விட்டது. உண்மைக் காரணம் நம்பிக்கை மட்டுமல்ல, வெட்கமும்தான். ஜின் பிடித்தால் ஓதிப் போகும். மனநோய் என்றால் கலியாணம் பேச வருவார்களா என்ற பயம். கடைசியில் குறிகட்டுவானுக்குப் படகேறி வைத்தியரிடம் போனார்கள். இன்று மருந்தும் எடுக்கிறார், தொழுகையும் விடவில்லை. அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

மார்க்கமும் மருத்துவமும் எதிரிகள் அல்ல. 934 இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் எழுதினார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் சிகிச்சையில் சமய வழிகளைத் தள்ளிவைக்கவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை “ஒரு குரல் கேட்கிறது” என்றால், அது யார் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். அது என்ன சொல்கிறது, பயமுறுத்துகிறதா, தூக்கத்தையும் சாப்பாட்டையும் படிப்பையும் கெடுக்கிறதா என்று கேளுங்கள். கெடுக்கிறது என்றால் துஆவும் கேளுங்கள், வைத்தியரிடமும் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

கப்பல் மாமா தம்பி பள்ளிக்கூடம் போனதும் போய்விட்டார். உம்மம்மாவின் குரல் இருக்கட்டும். அது அவரைத் தொழுகைக்குத்தானே எழுப்புகிறது. மச்சியின் ஆறு மாதத்தைத்தான் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.