காட்டுக்கோழியின் கழுத்து இறகு

விடிகாலையில் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டுக்கோழிச் சேவலைப் பார்த்திருக்கிறீர்களா? கழுத்தின் கரிய இறகுகளுக்கு நடுவே மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள் மினுங்கும். இறகின் தண்டே தட்டையாக விரிந்து, மெழுகை ஊற்றிக் காயவைத்த தகடு போல ஆகியிருக்கும். இப்படி ஓர் இறகு வேறு எந்தக் கோழிக்கும் கிடையாது. நம் மலைக்காட்டுப் பறவையின் இந்தப் பொட்டு இறகுதான் நூறாண்டுக்கும் மேலாக ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் தூண்டிலை அலங்கரித்து வருகிறது.

அங்கே சால்மன் மீனுக்குப் புழு மாட்டுவதை விட, முள்ளில் இறகு கட்டிச் செய்த பொய் ஈயால் பிடிப்பதில்தான் பெருமை. அந்த ஈக்களில் பேர் பெற்றது ஜாக் ஸ்காட். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கட்டியவரின் பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது. தூண்டில் முள்ளின் பின்பாதியில் மஞ்சள் பட்டு, முன்பாதியில் கறுப்புப் பட்டு. இரண்டின் மேலும் வெள்ளிச் சரிகை சுற்றி வரும். நடுவில் நெருப்புக்கோழி இழை, தொண்டையில் புள்ளி போட்ட கினிக்கோழி இறகு, வாலில் சீனத்துத் தங்க ஃபெசன்ட் பறவையின் கொண்டை, பக்கவாட்டில் நம் காட்டுக்கோழி.

கை நடுங்குவது இறக்கை வைக்கும்போதுதான். பல பறவைகளின் இறகுகளிலிருந்து இரண்டு மூன்று இழைகளாக உரித்து, ஓரத்தோடு ஓரம் வைத்து விரலால் நீவ வேண்டும். பசை கிடையாது. இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பல நிறத்தில் ஒரே இறகாகிவிடும். கட்டுகிறவர்கள் இதைக் கல்யாணம் என்றே சொல்கிறார்கள். இடப்பக்க இறக்கைக்கு இடப்பக்க இறகு, வலப்பக்கத்துக்கு வலப்பக்க இறகு. மாற்றி வைத்தால் கோணிக்கொள்ளும். ஓர் ஈக்குப் பல மணி நேரம் ஆகும்.

இத்தனையும் எதற்கு? கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மன் இரை எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. பசியில்லாத மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. கோபம் என்கிறார்கள், பழைய நினைவு என்கிறார்கள். என் கட்சி இதுதான்: அந்த அழகு மீனுக்காக இல்லை, கட்டுகிறவரின் கண்ணுக்காக. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ப்ரோரா ஊருக்கு அருகே ஒரு சின்ன வீட்டில் வாழ்நாளெல்லாம் சால்மன் ஈக்கள் கட்டிய மேகன் பாய்ட் அம்மையார் மீன் பிடிக்கிறவரே இல்லை. 2001-இல் மறைந்த அவர் கட்டிய ஈக்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள்.

அழகின் மேல் இருந்த இந்த ஆசை எல்லை மீறியதும் உண்டு. 2009-இல் இங்கிலாந்தின் ட்ரிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இசை மாணவர் இரவில் புகுந்து 299 பதப்படுத்திய பறவை உடல்களைத் திருடினார். இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் காடுகளில் அலைந்து சேர்த்தவையும் அவற்றில் இருந்தன. ஈ கட்டுகிறவர்களுக்கு விற்பதற்காக இறகுகள் பிடுங்கப்பட்டன. எந்தப் பறவை எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதியிருந்த சீட்டு போனால் ஆராய்ச்சிக்கு அந்த உடலால் பாதிப் பயன்கூட இல்லை. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அரிய பறவை இல்லாமல் அழகு வராதா? பார்த்துவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். கறிக்கடையில் வாங்கிய நாட்டுக்கோழி இறகுக்குச் சாயம் ஏற்றினேன். காட்டுக்கோழிப் பொட்டுக்குப் பதில் கறுப்பு இறகில் நகப்பூச்சைத் துளித்துளியாக வைத்தேன். மூன்று ஈக்களில் இறக்கை கோணியது. நாலாவது நிமிர்ந்து நின்றது. வெயிலில் காட்டினால் அதன் மஞ்சள் பொட்டு மினுங்குகிறது. உயர்வெல்லாம் விரலில் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மேலைநாட்டிலும் இப்போது காட்டுக்கோழியைப் பண்ணையில் வளர்த்தே இறகு எடுக்கிறார்கள்; மற்ற அரிய பறவைகளுக்குச் சாயமேற்றிய இறகுகள் வந்துவிட்டன. நம் ஊரில் காட்டுக்கோழியை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் மலையோரங்களில் கண்ணி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை வால்பாறையிலோ முதுமலையிலோ தங்கினால், காட்டுக்கோழிக் கறி இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். விடியும் முன் எழுந்து வாசலில் நின்றால் அதன் கூவல் கேட்கும்.