துளையை அடைக்காதீர்கள்

மலைச்சாலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நான் தண்ணீரில்தான் போய் நிற்பேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரமும் அதே கதைதான்.

கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையோரச் சரிவுகளில் கம்பிகளை உள்ளே இறக்கி, வலை போர்த்தி, மேலே புல் வளர்த்திருப்பதைப் பார்த்து மனம் நிறைந்தது. இதைவிட ஆழமான சரிவுகளுக்கு நங்கூரச் சுவர் உண்டு. வழுக்கும் மண்ணைத் தாண்டி உறுதியான பாறை வரை துளை போடுவார்கள். எஃகு வடத்தை நுழைத்து, உள்முனையைச் சிமென்ட் பாலால் பிடிக்கவைத்து, வெளிமுனையை ஜாக்கியால் இழுத்துச் சுவரில் பூட்டுவார்கள். மலை நகரத் தொடங்குமுன்பே சுவர் அதை இறுக்கிவிடும். அருமையான வேலை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் திரும்பும் வழியில் கண்ட ஒரு சாதாரணத் தடுப்புச்சுவர் எழுதவிடவில்லை. இரண்டாள் உயரக் கருங்கல் சுவர். பின்னால் தேங்கும் நீர் வெளியேற வீப் ஹோல் விட்டிருக்கிறார்கள். பிறகு வந்து பூச்சுப் பூசியவர்கள் கீழ்வரிசைத் துளைகளை மொத்தமாகச் சிமென்ட் வைத்து மெழுகிவிட்டார்கள். மேல்வரிசைக் குழாய் ஒன்றில் டீ குடித்த காகிதக் கப், இன்னொன்றில் கசக்கித் திணித்த சிப்ஸ் பாக்கெட். துளையே இல்லாத கல் இடுக்கில் ஈரம் கசிந்து பச்சைப் பாசி படர்ந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

6 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 18 டன் விசை தள்ளும். மண்ணின் அழுத்தம் இதில் சேரவில்லை. ஊறிய மண்ணுக்குப் பிடிமானமும் குறைந்துபோகும். நங்கூரச் சுவருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. வடிகால் அடைத்தால் அத்தனை பாரமும் வடத்தில்தான் ஏறும். சாந்து வைக்காமல் கல்லை அடுக்கிக் கட்டிய அந்தக்காலச் சுவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு இதனால்தான். அவற்றில் ஒவ்வொரு இடுக்கும் வடிகால்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையை எந்தத் துளையும் தனியாகத் தாங்காது. அதற்காக இருக்கிற துளையையும் அடைப்பதா?

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். புதுச் சுவருக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கைப் பழைய சுவர்களைப் பராமரிக்க வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, கம்பியும் கூடையுமாக ஆட்களை அனுப்பி ஒவ்வொரு துளையையும் குத்திவிடச் சொல்லுங்கள். மலையேறும் வாசகர்களே, குடித்த கப்பை வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.