பெருங்கடல் தாண்டாத பார்சல்



எங்கள் தெருவில் குடியிருக்கும் ராத்தா ஒருவரின் மகள் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்தில் வாழ்கிறார். 2025 அக்டோபர் இறுதியில் அவருக்குப் பேறுகாலம். விசா கிடைக்காமையால் தாய் உடனிருக்க வழியில்லாமல் போயிற்று. ஆகவே மெல்லிய மல் துணி வாங்கி, தம் கையாலேயே குழந்தைச் சட்டைகள் ஆறும், தொட்டில் துணிகள் இரண்டும், ஒரு தொப்பியும் தைத்து முடித்தார். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் மதிப்பிருக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் அவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு தபால் நிலையம் சென்றபோது, அமெரிக்காவுக்கு எதையும் பெற்றுக்கொள்வதில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வரும் வழியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்த அவர் கேட்டது ஒன்றே: “பச்சைப் பிள்ளையின் சட்டைக்குமா அந்த நாட்டில் வரி?”

இல்லை என்பதே உண்மை. அதுதான் இதில் வேதனைக்குரிய செய்தி.

நடந்ததைச் சற்று விளக்குகிறேன். 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களைச் சுங்கத் தீர்வையின்றி உள்ளே விடுவது 2016 முதல் அமெரிக்காவில் இருந்துவந்த ஏற்பாடு. 2025 ஜூலை 30 அன்று அந்நாட்டு அதிபர் பிறப்பித்த ஆணை, ஆகஸ்ட் 29 முதல் உலக நாடுகள் அனைத்திற்கும் இச்சலுகையை நிறுத்திவிட்டது. எனினும், ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு வரியில்லை என்பது மாறவில்லை. அப்போதைய மதிப்பில் 100 டாலர் என்பது ஏறத்தாழ 8,800 ரூபாய். ராத்தாவின் பொதியோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பின் ஏன் தடைபட்டது? வரியை வசூலித்து அமெரிக்கச் சுங்கத் துறையிடம் கட்டவேண்டிய பொறுப்பு, தபாலைச் சுமந்து செல்லும் நிறுவனங்களின் மீதும், அத்துறை ஒப்புதல் அளித்த தரப்பினர் மீதும் சுமத்தப்பட்டது. அந்தத் தரப்பினர் யாவர், பணத்தை எவ்வழியில் கட்டுவது என்பவை தெளிவாகுமுன் நாள் நெருங்கிவிட்டது. ஆகஸ்ட் 25-க்குப் பிறகு தபால் மூட்டைகளை ஏற்க இயலாது என்று விமான நிறுவனங்கள் கைவிரித்தன. இந்திய அஞ்சல் துறை முதலில் கடிதங்களுக்கும் சிறு அன்பளிப்புகளுக்கும் விலக்களித்தது; ஏற்றிச் செல்ல விமானமே இல்லாத நிலையில், மாத முடிவில் அவற்றையும் நிறுத்தியது. நம் நாடு மட்டுமன்று. 1874-இல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியம் அளித்த கணக்கின்படி, 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்கச் சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. ஆகஸ்ட் 29 அன்று அந்நாட்டுக்குச் சென்ற தபால், முந்தைய வாரத்தைவிட 81 விழுக்காடு குறைந்தது. கோடிக்கணக்கில் வாணிபம் செய்வோரை நோக்கி வீசிய வலையில் ஒரு தாயின் தையல் வேலை சிக்கிக்கொண்டது.

அக்டோபர் 15 அன்று சேவை மீண்டும் தொடங்கிற்று. வரிக்குரிய பொருளாயின், அறிவித்த மதிப்பில் 50 விழுக்காட்டை அனுப்புபவரே இங்கு முன்கூட்டிச் செலுத்தவேண்டும் என்பது அப்போதைய விதி. இவ்விகிதங்கள் மாறக்கூடியவை, அனுப்பும் நாளன்று தபால் நிலையத்தில் கேட்டறிவதே முறை.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இச்செய்தி பரவியதும், பூவேலைத் துணி விற்கும் நண்பர் ஒருவர், “அன்பளிப்பு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போட்டால் தீர்ந்தது” என்றார். எனக்கு உடன்பாடில்லை. சுங்கப் படிவத்தில் நாம் எழுதிக் கையொப்பமிடுவது ஒரு வாக்குமூலம். விற்ற சரக்கை அன்பளிப்பு என்பது பொய். அகப்பட்டால் சரக்கு முடங்குவதோடு, அங்கே பெறுபவரும் பதில் சொல்ல நேரிடும். வாங்குபவர் நம் பிள்ளைகளுள் ஒருவராயின் என்ன செய்வோம்?

படிவத்தை நிரப்புவதிலும் கவனம் தேவை. வெறுமனே “துணி” என்று எழுதுதல் போதாது. “பருத்திக் குழந்தைச் சட்டை, 6” என்று எண்ணிக்கையும் விலையும் தனித்தனியே எழுதவேண்டும். அமெரிக்காவுக்குச் செல்லும் பொதியின் விவரம், பொதிக்கு முன்பாகவே கணினி வழியே அங்கு போய்ச் சேர்ந்திருக்கவேண்டும் என்பது 2018-இல் அந்நாடு இயற்றிய சட்டம். ராத்தா முதலில் எழுதிய தாளில் “பிள்ளைக்கு வேண்டியவை” என்றிருந்தது! அதனை நானே திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆசையாக உள்ளே வைத்திருந்த சென்ட் புட்டியையும் எடுக்கச் சொன்னேன். எளிதில் தீப்பற்றும் வாசனைத் திரவியங்களை விமானத் தபாலில் அனுப்பலாகாது.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் பொதி புறப்பட்டது. தேங்கிக் கிடந்த மூட்டைகளின் நெரிசலில் அது டிசம்பரில்தான் சென்று சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம். புகைப்படம் வந்தது. ஆறில் நான்கு சட்டைகளுக்குப் பொத்தான் போடமுடியவில்லை. தொப்பி மட்டும் பொருந்தியிருந்தது. அந்தப் படத்தைத்தான் ராத்தா வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மகள், தாய்க்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இனிப்புகளும் அங்கிருந்து அனுப்ப விரும்புகிறார். பெட்டியின்மேல் “அன்பளிப்பு” என்று எழுதினால் வரியில்லை என்றே இன்னும் பல குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. வளைகுடாவிலிருந்து பேரீச்சம்பழம் வரவழைப்போரும் அப்படித்தான். 5,000 ரூபாய் வரை அவ்வாறு இருந்தது உண்மை. 2019 டிசம்பரில் நம் அரசு அதனை நிறுத்திற்று. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு வைத்தது. ஏனைய அன்பளிப்புகளை முழுத் தீர்வை செலுத்தித்தான் தபாலிலும் கூரியரிலும் பெறமுடியும் என்றாயிற்று.

இதைச் சொன்னதும் ராத்தா, “அப்படியானால் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறேன்” என்றார். பிறர் கட்டிக் கொடுத்த பொதியைத் தம் பெட்டியில் சுமந்து வருவதில் உள்ள ஆபத்துகளை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.