குழாய் நீரின் மூன்று நடைகள்



தாமிரபரணி புன்னைக்காயலுக்கருகே கடலோடு கலந்துவிடுகிறது. குலசேகரன்பட்டினமோ அதற்குத் தெற்கே, காயல்பட்டினத்தையும் திருச்செந்தூரையும் கடந்து அமைந்த கடற்கரை ஊர். ஆறு தொடாத இத்தகைய ஊர்களில் குடிப்பதற்கு ஆற்று நீர் வேண்டுமாயின் அது குழாய் வழியேதான் வந்தாக வேண்டும். அக்குழாயினுள் நீர் எவ்வாறு செல்கிறது என்பதை அறிந்தால், கடைசித் தெருவில் குடம் நிரம்பாததன் காரணமும் விளங்கும்.

இதனை ஆராய்ந்தவர் மான்செஸ்டர் நகரப் பேராசிரியர் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ். கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரின் நடுவே அவர் சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தினார். மெதுவாக ஓடியபோது இழை அறாமல் நேராகச் சென்றது. இது வரிச்சீர் ஓட்டம். வேகம் மிகுந்ததும் சாயம் சுழன்று நீர் முழுதும் கலந்தது. இது சுழற்சி ஓட்டம். இரண்டுக்கும் இடைப்பட்டது, நிலையற்ற மாறுநிலை ஓட்டம். ஆய்வு வெளியான ஆண்டு 1883.

எந்த ஓட்டம் நிகழும் என்பதை நீரின் வேகம், குழாயின் அகலம், நீர்மத்தின் பாகுநிலை ஆகியவை தீர்மானிக்கின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்குக் காய்ச்சிய பாகு கயிறுபோல் அமைதியாக வழிவதையும், பதநீர் சலசலத்து விழுவதையும் ஒப்பிட்டால் பாகுநிலையின் பொருள் புரியும். இம்மூன்றையும் இணைத்துக் கணக்கிடுவதே ரெனால்ட்ஸ் எண். அது ஏறத்தாழ 2,000க்குக் கீழிருந்தால் வரிச்சீர் ஓட்டம். 4,000க்கு மேலானால் சுழற்சி ஓட்டம்.

நம் வீட்டு அரை அங்குலக் குழாயில் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் அளவே நீர் வந்தால்தான் வரிச்சீர் ஓட்டம் நிலைக்கும். 15 லிட்டர் குடம் இரண்டு நிமிடத்தில் நிரம்புமானால் அவ்வெண் 13,000 அளவை எட்டிவிடும். ஆகவே வீட்டுக் குழாய்களில் பெரும்பாலும் நிகழ்வது சுழற்சி ஓட்டமே.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. வரிச்சீர் ஓட்டத்தில் நீரை இருமடங்காக்கினால் அழுத்த இழப்பும் இருமடங்கே ஆகும். சுழற்சி ஓட்டத்திலோ அது ஏறக்குறைய நான்கு மடங்காகிறது! தெருவின் தொடக்கத்தில் சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும்போது, அழுத்தம் வழியிலேயே கரைந்து போகிறது. கடைசி வீட்டுத் தாய் வெறுங்குடத்துடன் காத்திருக்கிறாள். கேடு இத்துடன் முடிவதில்லை. குழாயினுள் அழுத்தம் மிகக் குறைந்துவிட்டால், விரிசல்கள் வழியே சாக்கடை நீரும் உள்ளே புகும். அந்நீர் மோட்டார் வைத்த வீட்டுக்கும்தான் செல்லும்.

தரைமட்டத்திற்குக் கீழே ஒரு தொட்டி கட்டுங்கள். நீர் தானாகவே அதில் வந்து நிரம்பட்டும். அதிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்ற மட்டும் மோட்டாரைப் பயன்படுத்துங்கள். ஒளுச் செய்யும்போதும் குழாயைச் சிறிதளவே திறந்தால் போதும். நாம் மெல்ல எடுக்கும் நீரே அண்டை வீட்டாரையும் சென்றடையும் நீர்.