சமநிலை என்பது சமாதானமன்று

அண்மையில் கோவையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், நொய்யல் குறித்துப் பேசிய அன்பர் ஒருவர், "தொழிலும் வாழ வேண்டும், ஆறும் வாழ வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலை தேவை" என்று தம் உரையை முடித்தார். அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் கூச்சம் பற்றிக்கொண்டது. 'சமநிலை' என்ற சொல்லை மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் பாடம் மிகத் திட்டமாக வரையறுத்திருக்கிறது. அவ்வரையறையை மதிப்பெண்ணுக்காக மனனம் செய்து, தேர்வறையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். தமிழிலக்கியம் பயின்றோர் வேதியியலை மறந்துபோவதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. நம் வட்டாரங்களில் அது சற்றுப் பெருமையாகவே சொல்லப்படுகிறது. அந்தப் பெருமைக்கு எதிராகவே இக்கட்டுரை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம், அது நம் தொழில். இலக்கணத்தில் 'வினை' செயலைக் குறிக்கும். சமயத்தில் அது செய்தவனைத் தொடர்ந்து வரும். வேதியியலில் ஒரு பொருள் வேறொரு பொருளாவது வினை. அவ்வினையை மீள்வினை, மீளா வினை என்று பாடநூல் பிரிக்கிறது. மீள்வினையில் முன்னோக்கிய மாற்றமும் பின்னோக்கிய மாற்றமும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இரண்டின் வேகமும் ஒன்றாகும் தருணமே வேதிச் சமநிலை.

இவ்வரையறையில் நம் பேச்சாளர்கள் கவனியாது விடுபவை மூன்று. ஒன்று, சமநிலையில் எதுவும் நின்றுவிடுவதில்லை. ஆகவேதான் அதனை இயங்குச் சமநிலை என்கிறோம். இரண்டு, இரு பக்கமும் சம அளவு இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு பக்கம் தொண்ணூற்றொன்பது பங்கும் மறுபக்கம் ஒரே பங்கும் இருந்தாலும் அது சமநிலையே. வேகம்தான் சமம், பங்கு சமமன்று. மூன்று, பொருள் உள்ளே வந்தும் வெளியே போயும் கொண்டிருக்குமிடத்தில் அது நிலைபெறாது. அதற்கு மூடிய கலன் வேண்டும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யல் மூடிய கலனன்று. மேலே கொட்டியது கீழே போய்ச் சேரும். இந்நிலையில் 'சமநிலை வேண்டும்' என்பதற்கு என்ன பொருள்? கொட்டுகிறவரும் குடிக்கிறவரும் அவரவர் இடத்தில் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு பொருள் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

லீ சாட்லியர் தம் கோட்பாட்டை வெளியிட்டது 1884-இல். சமநிலையிலிருக்கும் அமைப்பின் செறிவையோ அழுத்தத்தையோ வெப்பநிலையையோ மாற்றினால், அம்மாற்றத்தின் விளைவைத் தணிக்கும் திசையில் சமநிலை நகரும் என்பது அதன் சாரம். இதற்கு நம் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் எடுத்துக்காட்டு ஹேபர் முறை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் ஆகின்றன; எண்ணிக்கை குறைவதால் உயர் அழுத்தம் உதவும்; வெப்பம் உமிழும் வினையாதலால் தாழ்ந்த வெப்பநிலையே விளைச்சலுக்கு நன்று; ஆனால் வேகம் கெடும்; ஆகவே இடைப்பட்ட வெப்பநிலையும் இரும்பு வினைவேக மாற்றியும். நல்ல எடுத்துக்காட்டுதான். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் பெருந்தொழிலானது அது. ஆனால் திருப்பூரில் அமர்ந்து இதை எழுதும் பிள்ளைக்கு, இரண்டு தெரு தள்ளிச் சாயப்பட்டறைத் தொட்டியில் நடப்பதும் இதே பாடம் என்று யார் சொன்னார்கள்?

பருத்தியும் ரியாக்டிவ் சாயமும் நீரில் எதிர்மின் தன்மை கொள்பவை. ஒன்றையொன்று விலக்குவதால் சாயத்தின் பெரும்பகுதி நீரிலேயே தங்கப் பார்க்கும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் அவ்விலக்கம் தணிந்து சாயம் நூலை நோக்கி நகர்கிறது, சமநிலை இடம்பெயர்கிறது. பிறகு சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்த, சாயம் செல்லுலோஸோடு பிணைகிறது. இது மீளா வினை. துவைத்தாலும் நிறம் போகாததற்குக் காரணம் இதுவே. அதே காரத்தில் சாயத்தின் ஒரு பகுதி நூலை விட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. சாயக்கழிவின் நிறம் அது. உப்போ இவ்வளவிலும் செலவாவதேயில்லை. அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு ஐம்பது கிராமுக்கு மேலும் உப்பு இடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். இட்ட உப்பத்தனையும் வெளியேறியாக வேண்டும்.

வெளியேறி எங்கே போனது என்பதை நமக்குச் சொன்னவர் ஒரு மாணவர். நொய்யல் கரைத் தோட்டத்திலிருந்து தமிழ் இளங்கலை படிக்க வந்தவர். "எங்க கிணத்துத் தண்ணிய அப்பாரு வாயில வெச்சுப் பாத்துத் துப்பிருவாருங்கய்யா. தென்னைக்குக்கூட ஆவாதும்பாரு. அந்த உப்பு ஏன் தானாப் போவ மாட்டேங்குதுங்க?" என்று கேட்டார். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவலைப் பற்றிய உரையாடல் அது. நாவலின் மொழி குறித்தும் அமைப்பு குறித்தும் நம்மிடம் பேச நிறைய இருந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் விடையில்லை. விடை பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது.

ஒரு மோல் உப்பு நீரில் கரையும்போது ஏறத்தாழ நான்கு கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்கிக்கொள்கிறது. வெப்பம் கொள்ளும் நிகழ்வாயிருந்தும் அது தானாகவே நடக்கிறது. ஏனெனில் சிதறிப் பரவுவதால் ஒழுங்கின்மை கூடுகிறது. பாடநூல் அதனை என்ட்ரோபி என்கிறது. பரவியதைத் திரும்பச் சேர்ப்பது தானாக நடவாது. வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 310 கிலோஜூல் போதும். கொதிக்கும் அந்நீரை முழுதும் ஆவியாக்க மேலும் 2,250 கிலோஜூல் வேண்டும். கரைப்பதற்கு ஒரு மூட்டையை அவிழ்த்தால் போதும். பிரிப்பதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கி, கொதிகலன், எரிபொருள் அனைத்தும் வேண்டும்.

நொய்யல் வழக்கின் உட்பொருளே இதுதான். பாசனத்துக்கென 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. நீர் கேட்டுப் போராட வேண்டிய உழவர்களே அவ்வணையே வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. சொட்டுக் கழிவும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில் 2011 சனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலையிழந்து நின்றவர்கள் எளிய தொழிலாளர்கள். அத்துயரை நாம் சிறிதாக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உப்பைப் பிரிப்பதற்கான ஆற்றலின் விலையைப் பட்டறை கட்டாதபோது அந்த விலை மறைந்துபோகவில்லை. அதனைக் கட்டியவர் கிணறிழந்த உழவர். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்ற விதி கணக்குப் புத்தகத்துக்கும் பொருந்தும்போலும். உப்புநீரை மீட்டுத் தொட்டிக்கே திருப்பும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பின்னர் திருப்பூரில் வந்ததிலிருந்து, இது முடியாத காரியமன்று என்பதும் விளங்கிற்று. விலையை யார் கொடுப்பது என்பதே அன்றும் இன்றும் கேள்வி. 'சமநிலை' என்ற இனிய சொல் அந்தக் கேள்வியை மூடிவைக்கிறது.

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். கொங்கு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த காலம் ஒன்றுண்டு. வெப்ப இயக்கவியலுக்கும் சமநிலைக்கும் அடித்தளமிடும் பாடங்கள் பதினோராம் வகுப்பில்தான் இருந்தன. அப்பழக்கத்தைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. பிள்ளைகளின் தேர்வுச்சுமை குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. பழைய பழக்கம் மீண்டும் தலையெடுக்காமல் காக்கப்போவது யார் என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. வினைவேக மாற்றி சமநிலையை விரைந்து எட்ட வைக்கும். சமநிலையின் இடத்தை ஒருபோதும் மாற்றாது. பயிற்சி மையங்களின் விளம்பரங்களைக் காணுந்தோறும் இந்தப் பாடமே நம் நினைவுக்கு வருகிறது.

"வேதியியலைத் தமிழில் சொன்னால் யாருக்கு விளங்கும்?" என்று கேட்போருக்கு ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் மருத்துவர் ஃபிஷ் கிறீனின் முயற்சியில் 'கெமிஸ்தம்' வெளிவந்தது 1875-இல். சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் கண்டது 1916-இல். திண்ணையில் வைத்தே இரசாயனம் சொல்லலாம் என்று பின்னர் நூலெழுதியும் காட்டினார் அவர். ஜி.ஆர். தாமோதரனின் 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் மாதந்தோறும் எழுதியது இதே கோவையிலிருந்து. சொற்களைச் செய்து வைத்தவர்கள் தம் கடனை முடித்துவிட்டார்கள். மீள்வினை, வெப்ப உமிழ்வினை, கிளர்வு ஆற்றல், இயங்குச் சமநிலை என அத்தனையும் செப்பமான சொற்கள். அவற்றைத் தேர்வுத்தாளுக்கு வெளியே ஒருமுறையேனும் உச்சரிக்காத தமிழாசிரியரும் எழுத்தாளரும்தான் கடன்பட்டு நிற்கிறோம்.

அந்த மாணவருக்கு நாம் விடை சொல்ல இரண்டு வாரமாயிற்று. பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை வாங்கி, வேதியியல் துறை நண்பரிடம் ஐயம் கேட்டுக் கேட்டுப் படித்த பிறகே சொல்ல முடிந்தது. கேட்டு முடித்ததும், "அப்பத் தானாப் போவாதுங்க. யாராச்சும் காசு கொடுத்துத்தான் எடுக்கோணும்" என்றார் அவர். இத்தனை பக்கம் படித்து நாம் கண்டதும் அவ்வளவே. அடுத்த கூட்டத்தில் எவரேனும் 'சமநிலை' என்றால் கைதட்டுமுன் கேட்போம்: கலன் மூடியதா, ஆற்றலுக்கு விலை கொடுப்பவர் யார்?